காகிதம் இருந்தவர்களின் போர்: சயாம் மரண ரயிலும் வட சிலாங்கூர்த் தோட்டங்களும்

சயாம்–பர்மா ரயில்பாதை என்றால் உலகத்தில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு விசில் சத்தம். கிழிந்த சீருடையோடு பிரிட்டிஷ் சிப்பாய்கள் 'கர்னல் போகி' மெட்டை விசிலடித்தபடி சிறைமுகாமுக்குள் அணிவகுத்து வரும் காட்சி அது. 1957-இல் டேவிட் லீன் இயக்கி வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' ஏழு ஆஸ்கார் விருதுகளை வாங்கியது. அந்தப் பாதையை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியதும் அந்தப் படம்தான்.

கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், சுங்கை பெசார், சுங்கை ஆயர் தாவார் வரை நீளும் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு அதே பாதை வேறு வழியாக வந்து சேர்ந்தது. "அவரு சயாமுக்குப் போனவரு" என்ற ஒரே வாக்கியமாக. எந்த ஆண்டு போனார், எந்த முகாமில் இருந்தார், என்ன நோய் கண்டது, எங்கே புதைத்தார்கள் என்ற எதுவும் அந்த வாக்கியத்தில் இருக்காது. "வந்தாரா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும்.

ஒரே பாதையைப் பற்றி ஒரு தரப்பிடம் நாட்குறிப்பு, ஓவியம், நாவல், படம், அருங்காட்சியகம் எல்லாம் இருக்கின்றன. இன்னொரு தரப்பிடம் இருப்பது ஒரு வாக்கியம். இந்த வேறுபாடு எப்படி வந்தது, அதனால் அந்தப் போரைப் பற்றிய நம் புரிதல் எப்படிக் கோணலானது என்பதுதான் இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி.

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறக்குறைய 415 கிலோமீட்டர். 1942-இன் நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. கடல்வழி பாதுகாப்பாக இல்லாததால் பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குத் தரைவழியாகத் தளவாடம் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்காகக் காட்டையும் மலையையும் வெட்டிப் போட்ட பாதை இது. 60,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் இதில் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு லட்சம். அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பொதுவாக எடுத்துக்காட்டப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டுமே 70,000-க்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். கைதிகளின் சாவைச் சொல்லும்போது எண் உறுதியாக நிற்கிறது. நம்மவர்களின் சாவைச் சொல்ல வந்தால் 'வரை', 'இருக்கலாம்', 'மதிப்பீடு' என்ற சொற்களைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

போர் இந்தக் கரையைத் தொட்டது 1942 ஜனவரியின் முதல் வாரத்தில். கோலசிலாங்கூர் முகத்துவாரத்தில் இறங்க முயன்ற ஜப்பானியப் படகுகளைப் பிரிட்டிஷ் தரப்புப் பீரங்கிகள் முதலில் விரட்டின. இரண்டு நாட்களுக்குள் ஜப்பானியர்கள் கரையேறி, சிலாங்கூர் ஆற்றோரமாகப் பத்தாங் பெர்ஜுந்தையை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவை, நோக்கி நகர்ந்தார்கள். அதே நாட்களில் வடக்கே பெர்ணம் ஆற்றுப் பக்கம் ஊத்தான் மெலிந்தாங்கிலும் படை இறங்கியது. ஜனவரி 11-ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. தோட்டத்துரைகள் ஏற்கெனவே கிளம்பியிருந்தார்கள். படை நகர்வுகளைப் போர் வரலாற்று நூல்கள் ஆற்றுவாரியாக, பாலம்வாரியாகச் சொல்கின்றன. அதே ஆற்றோரத்து லயங்களில் அன்றைக்கு இருந்தவர்களைப் பற்றி அவற்றில் ஒரு வரி தேடிப் பிடிப்பதும் கடினம்.

அதன் பிறகு வந்த காலத்தைத்தான் பெரியவர்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்பார்கள். ரப்பருக்குக் கப்பலும் இல்லை, வாங்குவாரும் இல்லை. பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்களுக்கு வேலை போயிற்று. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. துணி போய்ச் சாக்கு வந்தது. கையில் இருந்ததெல்லாம் வாழைமரம் அச்சடித்த நோட்டு. அந்தப் பசியில்தான் ஆள்சேர்ப்பு நடந்தது. மூன்று மாத வேலை, நல்ல கூலி, சாப்பாடு என்று முதலில் சொன்னார்கள். போனவர்கள் திரும்பாததால் அடுத்தவர்கள் மறுத்தார்கள். மறுக்கத் தொடங்கியதும் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வந்தது. கள்ளுக்கடை வாசலிலும் சாலையிலும் ஆள் பிடித்தார்கள். இலவசமாகப் படம் காட்டுவதாகச் சொல்லிக் கொட்டகைக்குள் கூட்டத்தைச் சேர்த்துக் கதவை அடைத்து, அப்படியே லாரியில் ஏற்றி ரயிலடிக்குக் கொண்டுபோனார்கள் என்பது வாய்மொழி நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. கூட்ஸ் பெட்டிகளில் நாட்கணக்காகப் பயணம். பான் போங்கில் இறங்கிய பிறகு பலருக்குக் காட்டு வழியே நடை.

அங்கே போனபின் இரு தரப்பும் ஒரே காட்டில், ஒரே மழையில், ஒரே காலராவுக்கு நடுவில் இருந்தன. ஆனால் செத்த விகிதம் ஒன்றல்ல. கைதிகளும் பட்டினி கிடந்தார்கள், அடிபட்டார்கள், பெருவாரியாக இறந்தார்கள். அந்தத் துன்பத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டளையிடவும் அது நடக்கிறதா என்று பார்க்கவும் ஒரு அமைப்பு இருந்தது. இறந்தவன் பெயரும் எண்ணும் குறித்து வைக்கப்பட்டன. தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு போனவர்களுக்கு இவை எதுவுமே இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது கூலிமுகாம்கள் அப்படியே காலியாயின. பிழைத்தவர்கள் நோய்க்குப் பயந்து காட்டுக்குள் ஓடினார்கள்; ஓடியவர்களில் பலர் வழியிலேயே விழுந்தார்கள்.

அவர்களுக்கு வைத்தியம் பார்க்கச் சாங்கி சிறையிலிருந்து கைதி மருத்துவர்களைக் கொண்ட 'கே' படை, 'எல்' படை என்ற இரண்டு சிறு குழுக்களை ஜப்பானியர்கள் 1943-இன் நடுவில் அனுப்பினார்கள். கூலிமுகாம்களின் நிலையை நேரில் பார்த்து எழுதி வைத்த வெகுசிலரில் அந்த மருத்துவர்களும் அடக்கம். தமிழன் எப்படிச் செத்தான் என்பதையும் கடைசியில் வெள்ளைக்காரக் கைதியின் குறிப்பிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம். அந்தக் குறிப்புகளில் இரக்கம் உண்டு, பெயர் இல்லை. 'தமிழர்கள்' என்ற கூட்டம் நோயாகவும் நாற்றமாகவும் ஓலமாகவும் வந்து போகிறது.

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். எந்தக் காரணத்தால் அவர்கள் அதிகமாகச் செத்தார்களோ, அதே காரணத்தால்தான் அவர்களுக்குக் கதையும் இல்லாமல் போயிற்று. அமைப்பு, எழுத்து, பதிவு, கேட்பதற்கு ஒரு அரசு ஆகிய நான்கும் கைதியை ஓரளவு காப்பாற்றின. பின்னாளில் அவனுடைய கதையையும் அவையே காப்பாற்றின. இவை இல்லாதவன் இரண்டு முறை தொலைந்தான்.

கைதிகளின் பக்கத்தில் எவ்வளவு காகிதம் என்று பாருங்கள். ஜாக் சாக்கர், ரொனால்ட் சேர்ல் போன்றவர்கள் உயிரைப் பணயம் வைத்து ஓவியம் தீட்டி மறைத்து வைத்தார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் வியரி டன்லப்பின் நாட்குறிப்பு 1986-இல் புத்தகமாக வந்தது. எரிக் லோமாக்ஸ் எழுதிய 'தி ரயில்வே மேன்' 1995-இல் வந்து 2013-இல் படமானது. அதே 2013-இல் ரிச்சர்ட் ஃபிளானகன் எழுதிய 'தி நேரோ ரோட் டு தி டீப் நார்த்' மறு ஆண்டே புக்கர் பரிசு பெற்றது. அவருடைய தந்தை அந்தப் பாதையில் கைதியாக வேலை செய்தவர். பாதையில் இறந்த ஆஸ்திரேலியர்கள் ஏறக்குறைய 2,800 பேர். அவர்களுக்காக ஆஸ்திரேலிய அரசு 1998-இல் ஹெல்ஃபயர் பாஸில் நினைவு அருங்காட்சியகம் திறந்தது; ஏப்ரல் 25-ஆம் தேதி விடியற்காலையில் அங்கே அஞ்சலி நடக்கிறது. காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கைதிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். புல் ஒரே அளவில் வெட்டப்பட்டு, வரிசை பிசகாமல் கல் பதித்து, அடையாளம் தெரிந்த ஒவ்வொருவருக்கும் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி எல்லாம் பொறித்திருக்கிறார்கள். அதே ஊரில் 1990-இல் ஒரு கரும்புக் கொல்லையைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்பட்டன. எந்த எலும்பு யாருடையது என்று சொல்ல ஆளில்லை.

இனி படத்துக்கு வருவோம். அதன் மூலக்கதை 1952-இல் பிரெஞ்சில் வந்த நாவல். எழுதியவர் பியர் பூல். அவர் அந்தப் பாதையில் கைதியாக இருந்தவர் அல்லர். 1936-இல் மலாயாவுக்கு வந்து பிரெஞ்சு ரப்பர் நிறுவனம் ஒன்றில் பொறியாளராக வேலை பார்த்தவர்; போரின்போது இந்தோசீனாவில் பிரெஞ்சு விச்சி ஆட்சியால் சிறைப்பட்டவர். பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளுக்கும் நம் வட்டாரத்துக்கும் உறவு பழையது. கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் வணிக அளவில் முதல் செம்பனையை நட்டவர் ஹென்றி ஃபோகோனியே. இதே சிலாங்கூர் வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. ஆகவே பூலுக்குத் தோட்டத் தமிழர்கள் அந்நியர்கள் அல்லர். காலையில் பெரட்டுக்கு நின்றவர்களையும் மாலையில் பால் கொண்டுவந்து ஊற்றியவர்களையும் அவர் பார்த்திருக்கிறார். இருந்தும், அந்த ரயில்பாதையைக் கதையாக்க உட்கார்ந்தபோது அவர் மனத்தை ஆட்கொண்டது ஒரு பிரிட்டிஷ் கர்னலின் பிடிவாதம்தான். எதிரிக்குப் பாலம் கட்டித்தருவதைத் தன் கௌரவமாக நினைத்துக்கொள்ளும் நிக்கல்சன் என்ற அந்தப் பாத்திரம் இலக்கியத்தில் அழுத்தமானது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கௌரவப் போராட்டத்தில் மலாயாத் தமிழனுக்கு வேலை இல்லை. படத்திலும் அவன் இல்லை.

படம் எடுக்கப்பட்டது தாய்லாந்தில் அல்ல, இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின்மேல். உண்மையான பாலம் மே குலோங் ஆற்றின்மேல் இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு 'குவாய் நதிப் பாலம்' தேடி உல்லாசப் பயணிகள் வந்து நின்றதால், 1960-இல் தாய்லாந்து அந்த ஆற்றுப் பகுதிக்கே 'குவே யாய்' என்று பெயர் மாற்றியது. ஒரு கதை நில வரைபடத்தைத் திருத்தியது. நேச நாட்டு விமானங்கள் 1945-இல் குண்டுவீசித் தகர்த்த இரும்புப் பாலம், படத்தில் கமாண்டோக்கள் தகர்க்கும் மரப்பாலமாக மாறி மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. முன்னாள் கைதிகள் இந்தப் படத்தைக் கடுமையாகக் கண்டித்தார்கள். தங்கள் தளபதி பிலிப் டூசி எதிரிக்குத் துணைபோனவர் அல்லர் என்று எடுத்துச் சொன்னார்கள். மறுப்புச் சொல்ல அவர்களுக்கு நாவும் பத்திரிகையும் இருந்தன. மறுப்பதற்குக்கூட நம்மவர்கள் அந்தப் படத்துக்குள் இருக்கவில்லை.

கதை கிடைத்தவனுக்கு நீதியும் கொஞ்சமாவது கிடைத்தது. 1951 சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் கைதிகளுக்கு இழப்பீடு தர ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பிரிட்டன் 2000-இல் தன் முன்னாள் தூரக்கிழக்குக் கைதிகளுக்குத் தலைக்கு 10,000 பவுண்டு கொடுத்தது. சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒரு தொகை வரவில்லை. 1967-இல் ஜப்பான் மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி தர ஒப்புக்கொண்ட உடன்பாடு, போரில் கொல்லப்பட்ட சீனர்களுக்கான 'ரத்தக் கடன்' கோரிக்கையிலிருந்து பிறந்தது. சீனச் சமூகம் தன் சாவை ஒரு கோரிக்கையாக, கூட்டமாக, நினைவுச்சின்னமாக மாற்றியிருந்தது. நம் சாவு லயத்துக்குள்ளேயே இருந்தது.

ஜப்பானின் கதையும் ஒன்று உண்டு. அந்தப் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய சி-5631 எண் கொண்ட நீராவி எஞ்சினை டோக்கியோவின் யாசுகுனி கோயிலைச் சேர்ந்த அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கறுப்பு மின்ன, சக்கரம் பளபளக்க நிற்கிறது. பொறியியல் சாதனையாகப் பார்ப்பவருக்கு அது அழகான எஞ்சின். இழுத்துப் போட்ட தண்டவாளத்துக்கு அடியில் யார் கிடக்கிறார்கள் என்பதை அது சொல்லாது.

இவ்வளவு நேரமும் பிறரைக் குறை சொன்னேன். நம் வீட்டுக் கதையையும் அதே அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். மலாயாத் தமிழர்களுக்கு அந்தப் போரில் இன்னொரு கதையும் இருந்தது. அது நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின் தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் திரண்டார்கள்; பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள்; ஜான்சி ராணி படையில் சேர்ந்தார்கள். பலர் சேர்ந்ததற்குச் சயாமுக்குப் பிடித்துப் போகப்படும் பயமும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் காட்டுகிறார்கள். சீருடை போட்டவனை ஆள்பிடிப்பவர் தொடமாட்டார். அந்தக் கதைக்கு வானொலி இருந்தது, பத்திரிகை இருந்தது, புகைப்படம் இருந்தது, முழக்கம் இருந்தது. போருக்குப்பின் அதை ஏந்தி நடக்கத் தலைவர்களும் இருந்தார்கள். 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரான ஜான் திவி அந்த இயக்கத்திலிருந்து வந்தவர். ஜான்சி ராணி படையின் ஜானகி ஆதி நாகப்பனும் அப்படியே பொதுவாழ்வுக்கு வந்தார். பர்மாவுக்குப் போன ராணிகள் பயணம் செய்ததும் அதே மரண ரயில்பாதையில்தான். ஒரே தண்டவாளத்தின் மேல் ஓடியது பெருமை. கீழே கிடந்தது துயரம். நாம் மேலே ஓடியதைப் பாடினோம். தன்மானத்துக்கு ஏங்கிய ஒரு சமூகம் வீரனை முன்னே வைத்தது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் கூலியாகச் செத்தவனை நினைப்பதில் ஒரு கூச்சமும் கலந்திருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகனுக்குத் தென்கிழக்காசியப் போர் என்றால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972-இல் வந்த அந்த நாவலின் இடத்தை யாரும் அசைக்க முடியாது. ஆனால் அது காட்டும் உலகம் வட்டிக்கடைகளும் கடைவீதிகளும் படைமுகாம்களும். தோட்டத் தொழிலாளியின் உலகம் அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. சயாம் பாதையை நடுவில் வைத்து எழுத மலேசிய எழுத்தாளர்கள்தாம் வர வேண்டியிருந்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993-இல் வந்தது. பாதை போட்டு முடித்து சரியாக ஐம்பது ஆண்டு. அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' 2005-இல் வந்தது. கிள்ளானைச் சேர்ந்த சீ. அருண், பிழைத்து வந்தவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் தேடிப் போய்க் கேட்டு, சயாம் மரண ரயில்பாதையின் மறக்கப்பட்ட வரலாற்றை நூலாக்கினார். மிச்சிகோ நகஹாரா என்ற ஜப்பானிய ஆய்வாளர் மலாயாவில் நடந்த ஆள்சேர்ப்பை ஆவணங்களோடு ஆராய்ந்து எழுதியதையும் இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பதிவுகளில் ஆங்கிலப் புத்தகங்களில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. ஆங்கிலக் கதையில் போர் முகாமில் தொடங்குகிறது. தமிழ்க் கதையில் அது தோட்ட ஆபீசில், பேர்ப் பட்டியலில் தொடங்குகிறது. ஜப்பானியனுக்குத் தோட்டத்து ஆள்கள் யார் யாரென்று தெரியாது. பேர் எழுதிக் கொடுத்தவர்கள் கிராணியும் கங்காணியும்தான். வேண்டாதவன் பேர் முதலில் ஏறியது, வேண்டியவன் பேர் விடுபட்டது என்ற குமுறல் இன்றுவரை குடும்பங்களில் இருக்கிறது. தாமும் மிரட்டலுக்கு நடுவில்தான் அந்தப் பட்டியலை எழுதினோம் என்று சொல்ல அந்தக் கிராணிகளுக்கும் ஒரு பக்கம் இருந்திருக்கும். 'ஜப்பான்காரன் கொடுமை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், தோட்ட அமைப்பே அந்தக் கொடுமைக்கு எப்படி ஏணி போட்டுக் கொடுத்தது என்பது மறைந்துபோகும். அதேபோல் நாமும் சிலரை மறக்கிறோம். ஜாவாவிலிருந்து வந்தவர்கள், பர்மாவில் 'வியர்வைப் படை' என்ற பெயரில் திரட்டப்பட்டவர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் ஆகியோரும் அதே குழிகளில் கிடக்கிறார்கள். 'தமிழர் பாதை' என்று எழுதும்போது அவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

புத்தகத்துக்கு முன்னால் இந்தக் கதை எங்கே வாழ்ந்தது? சடங்கில் வாழ்ந்தது. செத்த தேதி தெரிந்தால்தான் திதி பார்க்க முடியும். தேதி இல்லாதவர்களுக்கு ஆடி அமாவாசையில் படையல் போட்டார்கள். செத்தானா, அங்கேயே தங்கிவிட்டானா என்று தெரியாததால் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்ற கேள்வியோடு பெண்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வரலாற்று நூலில் போர் 1945-இல் முடிகிறது. அந்த வீடுகளில் அது எப்போது முடிந்தது என்று யாரும் தேதி குறிக்கவில்லை. மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து பேசும் பேச்சு, தாலாட்டு, ஒப்பாரி, கோயில் திருவிழாவுக்குத் திரும்பி வரும் உறவுகள் என இவைதான் நம்முடைய நாட்குறிப்பும் அருங்காட்சியகமும்.

அந்த இடமும் போய்விட்டது. ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்புத் திட்டமானது. நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மேரி, மின்யாக், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் தலைக்கு மேல் ஒரு கூரைக்காகப் பல்லாண்டுகள் போராட நேர்ந்தது. லயம் கலைந்தபோது பக்கத்து வீட்டுக் கதையும் கலைந்தது. இன்று பெஸ்தாரி ஜெயாவிலோ சுங்கை ஆயர் தாவாரிலோ இருக்கும் பேரப்பிள்ளைக்குச் சயாம் ரயில் தெரிந்தால், பெரும்பாலும் அது காஞ்சனபுரிச் சுற்றுலாப் படத்தின் வழியாகவோ ஆங்கிலப் படத்தின் வழியாகவோதான் தெரிகிறது. தன் கொள்ளுத்தாத்தாவின் சாவை அவன் வேறொருவர் சாவின் ஓரத்தில் நின்று பார்க்கிறான்.

அண்மை ஆண்டுகளில் நிலைமை சற்று மாறியிருக்கிறது. மலேசியாவில் மரண ரயில் ஆர்வலர் குழு ஒன்று பிழைத்தவர்களையும் வாரிசுகளையும் தேடிச் சேர்த்துவருகிறது. தமிழில் ஆவணப்படம் வந்திருக்கிறது. காஞ்சனபுரியில் ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்களைத் திரட்டிப் புதைத்த தவோர்ன் வராராம் புத்தக் கோயிலில் தமிழர்கள் போய் அஞ்சலி செலுத்துகிறார்கள். செய்பவர்கள் எல்லோரும் சொந்தக் கைக்காசில், சொந்த நேரத்தில் செய்கிறார்கள் என்பதால் அவர்கள்மேல் எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு. ஆனால் நேரில் பார்த்தவர்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டார்கள். இனி கிடைப்பது அவர்களிடம் கேட்டவர்கள் சொல்வதுதான். அவர்களுக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

ஆகவே இப்போது அவசரமாகத் தேவைப்படுவது இன்னொரு பெரிய படமல்ல, தோட்டவாரியான ஒரு பெயர்ப்பட்டியல். புக்கிட் ரோத்தானிலோ ஜெராமிலோ ராஜா மூசாவிலோ சபாக் பெர்ணத்துத் தென்னந்தோப்புகளிலோ உங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் இருந்தால், ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: அவர் பெயர், தோட்டத்தின் பெயர், தமிழ்நாட்டில் அவருடைய ஊர், அவரோடு போனவர்கள், திரும்பி வந்தவர் யார், அவருக்காகக் காத்திருந்தவர் யார். பட்டியலில் பேர் எழுதியது யார் என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தால் அதையும் எழுதி, யார் சொல்லக் கேட்டது என்று குறித்துவையுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். ஊகத்தால் நிரப்ப வேண்டாம். பிறகு உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியரிடம் ஒரு படியும், தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு படியும் கொடுங்கள். கைதிகளின் கல்லறையில் பெயர்கள் வந்ததும் இப்படி ஒரு தாளில், ஒருவர் இன்னொருவர் பெயரைக் குறித்து வைத்ததால்தான்.